அத்வைதாவின் வயது

ஒவ்வொரு நவம்பர் மாதமும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள் எல்லோருக்கும் பழகிப்போன வருடாந்திரச் சடங்கு இது. லைஃப் சர்டிபிகேட் கொடுத்தால்தான் டிசம்பர் மாதப் பென்ஷன் ஒழுங்காக வந்து சேரும்.

இந்த வருடம் கைரேகை இயந்திரம் என்னை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. "ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு சார். கையைக் கழுவித் துடைச்சுட்டு வாங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். கழுவித் துடைத்துக்கொண்டு வந்தும் பலிக்கவில்லை. கடைசியில் கண்ணைப் படம் பிடிக்கும் கருவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. "நீங்க இருக்கீங்க சார்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, நாற்பது வருடங்களுக்கு முன்னால் கல்கத்தாவில் பார்த்த ஒரு ஆமை நினைவுக்கு வந்தது.

1981 முதல் மூன்று வருடங்கள் எனக்குக் கல்கத்தாவில் வேலை. தணிக்கைத் துறை. வங்காளிகளுக்குக் குளிர்கால ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆலிப்பூர் மிருகக்காட்சி சாலைதான். குடும்பம் குடும்பமாக டிபன் கேரியரும் ஆரஞ்சுப் பழமும் எடுத்துக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்கார்ந்துவிடுவார்கள். நாங்களும் 1982 ஜனவரியில் ஒரு நாள் போனோம். பையனுக்கு அப்போது மூன்று வயது. புலி தூங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு அடைப்புக்குள் பெரிய சாம்பல் நிறப் பாறை மாதிரி ஒன்று கிடந்தது. "அப்பா, இது கல்லா?" என்று கேட்டான். கல் மெதுவாகக் கழுத்தை நீட்டி ஒரு கீரையைக் கவ்வியது. பயந்துபோய் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டான்.

பக்கத்தில் நின்ற ஒரு வங்காளிப் பெரியவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். "இது கிளைவ் பிரபு வளர்த்த ஆமை. இருநூறு வயசுக்கு மேல் ஆகிறது" என்றார். நான் அப்போதே பழுத்த ஆடிட்டர். "வவுச்சர் இருக்கா?" என்று கேட்க வாய் துடித்தது. என் மனைவி முழங்கையால் இடித்தாள். பேசாமல் இருந்துவிட்டேன்.

2006 மார்ச் 22-ஆம் தேதி அந்த ஆமை இறந்துபோனது. பேப்பரில் படித்தேன். அதன் பெயர் அத்வைதா என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது என்று ஒன்று இல்லாதது என்று பொருள். அத்வைதம் சொன்ன ஆதிசங்கரர் 32 வயதில் மறைந்தார் என்பார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய ஆமைக்கு 250 வயது என்று பத்திரிகைகள் எழுதின. முந்தைய வருடக் கடைசியில் ஓட்டில் விரிசல் விட்டு, அடியில் புண்ணாகி, கடைசியில் கல்லீரல் கெட்டுப் போனதாகச் செய்தி.

அன்றைக்குக் கேட்காமல் விட்ட வவுச்சர் கேள்வியை ஓய்வு பெற்ற பிறகு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்கைப் பார்ப்போம்.

கதை இப்படிப் போகிறது. பிளாசிப் போர் 1757-இல் நடந்தது. அதில் ஜெயித்த ராபர்ட் கிளைவுக்கு, செஷல்ஸ் தீவுகளிலிருந்து வந்த மாலுமிகள் சில ராட்சத ஆமைகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவை கல்கத்தாவுக்கு வடக்கே பராக்பூர்த் தோட்டத்தில் வளர்ந்தன. மிஞ்சியிருந்த ஒன்று 1875-76 வாக்கில் ஆலிப்பூருக்கு வந்து சேர்ந்தது. அந்த மிருகக்காட்சி சாலையை வேல்ஸ் இளவரசர் 1876 ஜனவரி முதல் தேதி தொடங்கி வைத்தார். தந்தித் துறையில் வேலை பார்த்த கார்ல் ஷ்வெண்ட்லர் என்ற ஜெர்மானியர் சொந்தமாக வளர்த்த மிருகங்களைக் கொடுத்து உதவினார். ஆமையும் அவர் மூலமாகவே வந்தது என்கிறார்கள்.

இதில் 1875 முதல் 2006 வரை உள்ள பகுதியில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே இடம், ஒரே நிறுவனம், பார்த்த கண்கள் லட்சக்கணக்கில். 130 வருடம் பாஸ். வரும்போதே வளர்ந்த ஆமை என்றால் குறைந்தது இன்னொரு 20, 30 வருடம் சேர்க்கலாம். ஆக 150 வயது தாராளமாகச் சொல்லலாம். வங்காள அரசின் தரப்பிலும், ஆவணப்படி 150-க்குக் குறையாது என்றுதான் அப்போது சொன்னார்கள்.

தகராறு அதற்கு முந்தைய நூறு வருடத்தில்தான். கிளைவ் யார்? 1744-இல் நம் சென்னைக் கோட்டையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஒரு வகையில் நம்ம ஜாதி. 1767-இல் இந்தியாவை விட்டுக் கடைசியாகப் போய்விட்டார். 1774-இல், 49 வயதில், லண்டனில் இறந்தார். பராக்பூர்த் தோட்டமும் அங்கே இருந்த மிருகச் சாலையும் வெல்லஸ்லி கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், 1800-ஐ ஒட்டி, உருவானவை. கிளைவ் போனதற்கும் தோட்டம் வந்ததற்கும் நடுவே முப்பது வருட இடைவெளி இருக்கிறது. அந்த முப்பது வருடம் ஆமைக்குக் கீரை போட்டது யார்? அதுவுமல்லாமல், செஷல்ஸ் தீவுகளை 1756-இல் தங்களுடையது என்று கல் நட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிளாசிப் போர் நடந்ததே பிரெஞ்சுக்காரர்களோடும் சண்டை நடந்த காலத்தில். பிரிட்டிஷ் மாலுமிகள் அந்த நேரத்தில் அங்கே போய் ஆமை பிடித்து வந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆடிட் குறிப்பு எழுதும் அளவுக்குச் சந்தேகம் இருக்கிறது.

வெல்லஸ்லி காலத்தில் பராக்பூருக்கு வந்த ஆமை என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. வயது 200-ஐத் தொடும். கிளைவ் பெயர் எப்படி ஒட்டியது என்றால், பெரிய மனிதர் பெயர் எங்கே போனாலும் ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் திருமலை நாயக்கர் கட்டியது என்று சொல்வதில்லையா?

மற்ற ஆமைகளின் கணக்கும் இதே லட்சணம்தான். டோங்கா அரச குடும்பத்தில் துயி மலிலா என்று ஒரு ஆமை இருந்தது. கேப்டன் குக் 1777-இல் பரிசாகக் கொடுத்தது என்பார்கள். அது 1960-களின் நடுவில் இறந்தது. 188 வயது என்று கணக்கு. ஆனால் குக் எழுதிய பயணக் குறிப்புகளில் இந்தப் பரிசு பற்றிப் பேச்சே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஹாரியட் என்ற ஆமையை 1835-இல் சார்லஸ் டார்வினே கலபாகஸ் தீவுகளிலிருந்து எடுத்துவந்தார் என்று நம்பினார்கள். மரபணுவைச் சோதித்தபோது அது சாண்டா குரூஸ் தீவு இனம் என்று தெரிந்தது. டார்வின் அந்தத் தீவில் காலே வைக்கவில்லை! ஆனாலும் ஹாரியட்டின் வயது 170-ஐத் தாண்டியது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதுவும் 2006-இல்தான், அத்வைதா போன மூன்றாவது மாதம், இறந்தது.

உறுதியான கணக்கு உள்ளது, செயின்ட் ஹெலினா தீவில் இருக்கும் ஜோனதன். நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, அதே தீவு. ஜோனதன் அங்கே 1882-இல் வந்து இறங்கியது. அந்தக் காலத்தில் எடுத்த ஒரு போட்டோவில் முழுசாக வளர்ந்த ஆமையாக நிற்கிறது. முழு வளர்ச்சிக்கு 50 வருடமாவது வேண்டும் என்று எடுத்துக்கொண்டு 1832 என்று பிறந்த வருடத்தை வைத்தார்கள். 2022-இல் 190-வது பிறந்தநாள் கொண்டாடும்போது தேதி வேண்டுமே? தீவின் கவர்னர் 4-12-1832 என்று அதிகாரபூர்வமாக அறிவித்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் பிறந்த தேதியும் இப்படி வந்ததுதான். நான் பிறந்தது 1950 ஐப்பசியில், அடைமழையில். பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்து 1-6-1950 என்று போட்டுவிட்டார். அந்த ஒரு கோட்டில் எனக்கு ஐந்து மாதம் வயது கூடியது. ஒன்றாம் தேதி பிறந்தவன் முந்தின மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. 31-5-2010 அன்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதச் சம்பளம் போயிற்று. என் சர்வீஸ் ரிஜிஸ்டரே இந்த லட்சணத்தில் இருக்கும்போது அத்வைதாவை மட்டும் குறுக்கு விசாரணை செய்வது என்ன நியாயம்?

ஓட்டில் உள்ள வளையங்களை எண்ணினால் வயது தெரியுமே என்று சிலர் கேட்பார்கள். இளம் ஆமைக்கு அது ஓரளவு சரி. வயதான ஆமைக்கு வளையங்கள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும், என் கட்டைவிரல் மாதிரி. அத்வைதாவின் ஓட்டைக் கரிமச் சோதனை செய்யப்போவதாகச் செய்தி வந்தது. ஆனால் 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட காலத்துக்கு அந்தச் சோதனை துல்லியமாக விடை சொல்லாது. ஒரே அளவுக்குப் பல தேதிகள் பொருந்தும். மிக நம்பகமான வழி, சின்ன வயதிலேயே அடையாளம் போட்டுப் பதிவேட்டில் எழுதி வைப்பதுதான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் காட்டில் அப்படிச் செய்தார்கள். 1954-இல் அடையாளம் போட்ட ஒரு நன்னீர் ஆமையை 2016-இல் மறுபடி பிடித்தார்கள். குறைந்தது 83 வயது. அங்கே பார்த்த இன்னொரு விஷயம், வயதான பெண் ஆமைகள் இளையவற்றைவிட அதிகமாகவே முட்டையிட்டன.

சரி, ஏன் இவ்வளவு நாள் வாழ்கின்றன? நான் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, செலவு குறைவு. நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே போய்விடுகிறது. ஆமை அந்த வேலையை வெயிலிடம் விட்டுவிடுகிறது. இதயம் மெதுவாக அடிக்கிறது, வளர்ச்சி மெதுவாக நடக்கிறது, தேய்மானமும் மெதுவாக வருகிறது. இரண்டாவது, ஓடு. குஞ்சாக இருக்கும்போது காக்கை, நண்டு, நரி எல்லாம் தின்னும். ஓடு கெட்டியான பிறகு அதை அசைக்க ஆளில்லை. அப்படிப் பத்திரமாக இருக்கும் உயிருக்கு, அவசரமாகக் குட்டி போட்டுவிட்டுச் சாக வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. ராட்சத ஆமைகள் பருவத்துக்கு வரவே 20, 30 வருடம் ஆகிறது. மூன்றாவது, உடம்புக்குள் நடக்கும் பழுதுபார்ப்பு. கலபாகஸின் பிண்டா தீவு இனத்தில் கடைசியாக மிஞ்சிய ஜார்ஜ் என்ற ஆமை 2012-இல் இறந்தது. அதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். மரபணுவில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்வது, புற்றுநோயைத் தடுப்பது போன்ற வேலைகளைச் செய்யும் மரபணுக்களில் சில தனித்தன்மைகள் தெரிந்தன.

நான்காவது, இருக்கும் இடமும் சாப்பாடும். வெயில், சுண்ணாம்புச் சத்து, நல்ல தழை இல்லாவிட்டால் ஓடு கோணிப்போகும், ஆயுளும் குறையும். சட்டத்தை மீறி நட்சத்திர ஆமையைப் பிடித்துத் தொட்டியில் போட்டுச் சோறு வைப்பவர்கள் செய்வது இந்தக் கொடுமைதான். மாறாக, நல்ல பராமரிப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022-இல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. மிருகக்காட்சி சாலைகளில் உள்ள 52 ஆமை இனங்களின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும், மனிதனுக்கு முப்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு 8 வருடத்துக்கும் இறப்பு வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பிரீமியம் ஏறுவது அதனால்தான். அந்த ஆமை இனங்களில் நான்கில் மூன்று பங்குக்கு இந்த ஏற்றம் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அதற்காக ஆமைக்குச் சாவு இல்லை என்று அர்த்தமில்லை. நோய் வரும், விபத்து வரும். மோரீஷஸில் 1766 முதல் வாழ்ந்த ஒரு ஆமை, 1918-இல் பீரங்கி மேடையிலிருந்து விழுந்து செத்தது. வயோதிகம் அதைக் கொல்லவில்லை.

இதைப் படித்துக்கொண்டே போகும்போது ஒரு இடத்தில் எனக்கு மனசு கனத்துவிட்டது. எந்தக் குணம் ஆமைக்கு இவ்வளவு ஆயுளைக் கொடுத்ததோ, அதே குணம்தான் அதற்கு எமனாகவும் வந்தது. சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட, உயிரோடு இருக்கும். ஐஸ் பெட்டி இல்லாத காலத்துக் கப்பல்காரனுக்கு இதைவிட வசதி ஏது? உயிரோடு பிடித்துக் கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டும்போது வெட்டிச் சாப்பிட்டார்கள். கலபாகஸில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இப்படிப் போயின. மோரீஷஸ், ரோட்ரிகஸ் தீவுகளின் சொந்த ஆமை இனங்கள் பூண்டோடு அழிந்தன. இந்தியப் பெருங்கடலில் அல்டாப்ரா என்ற பவளத்தீவு இனம் மட்டும் தப்பியது. அத்வைதா அந்த இனம்.

அதையும் காப்பாற்ற ஒரு மனு தேவைப்பட்டது. 1874-இல் டார்வினும் ஹூக்கரும் இன்னும் சில விஞ்ஞானிகளும் மோரீஷஸ் கவர்னருக்குக் கையெழுத்துப் போட்டு எழுதினார்கள். அர்ஜி எழுதியே காலத்தைக் கழித்த எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. ஆயிரத்தில் ஒரு மனுவாவது வேலை செய்கிறதே! இன்று அல்டாப்ராவில் சுமார் ஒரு லட்சம் ராட்சத ஆமைகள் இருக்கின்றன. அது 1982 முதல் யுனெஸ்கோவின் பாரம்பரியத் தலம். நாங்கள் ஆலிப்பூருக்குப் போன அதே வருடம்.

கிளைவ் வளர்த்ததா, வெல்லஸ்லி காலத்ததா என்பது போகட்டும். அத்வைதாவும் அப்படி ஒரு கப்பலின் அடித்தளத்தில் வந்ததாகத்தான் இருக்கும். யாரோ ஒரு சமையல்காரன் கத்தியை எடுத்த அன்று வேறொரு ஆமையைக் கையில் எடுத்திருப்பான். அந்தத் தற்செயலுக்குப் பின்னால்தான் மற்ற எல்லாக் காரணமும் வருகிறது.

நம் கரையிலும் இந்தக் கணக்கு உண்டு. சென்னைக் கடற்கரைக்கு ஜனவரி முதல் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் கடலில் பயப்பட அதிகம் இல்லை. ஆனால் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் செத்துவிடும். ஒரு முட்டை பருவத்துக்கு வரப் பத்துப் பதினைந்து வருடம். வலைக்கு ஒரு மணி நேரம் போதும். முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விட, இரவு முழுக்கக் கரையோரம் நடக்கும் இளைஞர்களை நினைத்தால் மரியாதையாக இருக்கிறது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நாம்தான் பழமொழி சொல்கிறோம். ஆமை இருந்த தீவுக்குள் நாம் புகுந்து என்ன ஆயிற்று என்பதற்கு ஆமைகளிடம் பழமொழி இல்லை.

பிண்டாத் தீவு ஜார்ஜை 1971-இல் கண்டுபிடித்த பிறகு நாற்பது வருடம் அதற்கு ஜோடி தேடினார்கள். கிடைக்கவில்லை. அத்வைதா என்ற பெயருக்கும் அதே பொருள்தானே. 150 வருடமோ 250 வருடமோ, தனியாக இருந்து பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். என் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. நீண்ட ஆயுள் வேண்டும் என்று யாராவது என்னை வாழ்த்தினால், முன்பு போல உடனே நன்றி சொல்ல வருவதில்லை. கூட இருப்பவர்களையும் சேர்த்து வாழ்த்துங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதை எழுதுவதற்கு முன்னால் பையனுக்குப் போன் செய்தேன். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. "ஆலிப்பூர்ல ஒரு ஆமை பாத்தோமே, ஞாபகம் இருக்காடா?" என்று கேட்டேன்.

"ஆமை ஞாபகம் இல்லப்பா. அம்மா ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தது ஞாபகம் இருக்கு" என்றான்.

அதற்கு வவுச்சர் கேட்கவில்லை.